கம்பத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து: கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு பதில்

கோலாலம்பூரிலிருந்து மாதம் ஒரு முறை பகாங் மாநிலத்து உட்பகுதிக் கம்பம் (கிராமம்) ஒன்றுக்குப் போய், அங்குள்ள பழங்குடி மக்களான ஓராங் அஸ்லி பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் குழுவைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு வயிறு உப்பியிருக்கிறது, கை கால் குச்சியாக இருக்கிறது, மலத்தில் புழு போகிறது என்று தாய்மார்களே சொல்கிறார்கள். காசு சேர்த்து, அடுத்த தடவை போகும்போது எல்லாருக்கும் பூச்சி மருந்து வாங்கிக்கொண்டு போகலாமா? எந்த மருந்து, எவ்வளவு? திரும்ப வராமல் இருக்க என்ன வழி? கூடப் போகிற நாங்களும் சாப்பிட வேண்டுமா?

நான் செந்தூலில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளர். சுகாதார முகாம்களுக்கு மருந்துப் பெட்டியோடு போய் வருகிறவன். கேட்டதற்கு நேரடிப் பதில்: கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு சங்கதி தெரிந்துகொண்டு போங்கள். எல்லாப் பூச்சியும் ஒரே மாத்திரைக்குச் சாகாது; நீங்கள் போகிற மாதிரி இடங்களில் அதிகம் இருக்கிற பூச்சிதான் அந்த ஒற்றை மாத்திரைக்கு மசியாதது. அடுத்தது, வீட்டைச் சுற்றி மண்ணில் முட்டை கிடக்கிறவரை, சுத்தமான வயிறு ஆறே மாதத்தில் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத் திட்டம் போடாவிட்டால், உங்கள் பயணத்தில் மிஞ்சுவது படங்கள் மட்டும்தான்.

முதலில் எந்தப் பூச்சி என்பதைப் பார்ப்போம். தாய்மார்கள் 'புழு போகிறது' என்று சொன்னால், அவர்கள் கண்ணில் பட்டது அநேகமாக நாக்குப்பூச்சி. மண்புழு மாதிரி உருண்டு நீண்டு, வெளிர் ரோஜா நிறத்தில், ஒரு சாணுக்கு மேல்கூட இருக்கும். பெண் புழு 20 முதல் 35 சென்டிமீட்டர். என் கடைக்கே ஒரு அம்மா மார்ஜரின் டப்பாவில் ஒன்றைப் போட்டு எடுத்துவந்து, மூடியைத் திறந்து காட்டியிருக்கிறார். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் வாங்க வந்ததை மறந்து வெளியே போய்விட்டார். ஒரு பெண் நாக்குப்பூச்சி நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். அந்த முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து, இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் பக்குவத்துக்கு வந்து, ஈரமும் நிழலும் இருந்தால் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிள்ளை விழுங்கிய பிறகு குஞ்சுப்புழு நேராகக் குடலில் தங்குவதில்லை. இரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக மறுபடி விழுங்கப்பட்டுத்தான் குடலுக்கு வருகிறது. சில பிள்ளைகளுக்குக் காரணமில்லாமல் வறட்டு இருமலும் இழுப்பும் வந்து தானாகப் போவது இதனால்தான்.

நாக்குப்பூச்சி கண்ணுக்குத் தெரிவதால் பேர் வாங்கிவிட்டது. நம் நாட்டு ஓராங் அஸ்லி பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் முதலிடத்தில் நிற்பது சாட்டைப்புழு. இது யார் கண்ணிலும் படாது. மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். முன்பாதி நூல் மாதிரி மெலிந்திருக்கும், பின்பாதி தடித்திருக்கும். அந்த மெல்லிய பாதியைப் பெருங்குடலின் சதைக்குள் தைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். மலத்தோடு புழு வராது, முட்டை மட்டும்தான் வரும். அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். ஐந்து பத்து புழு இருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. நூற்றுக்கணக்கில் ஏறினால் சளியும் இரத்தமுமாக நாள்பட்ட வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, வளர்த்தி நின்றுபோவது. முக்கி முக்கி ஆசனவாயே வெளியே தள்ளிக்கொண்டு வரும். உற்றுப் பார்த்தால் அந்தச் சிவந்த சதையில் வெள்ளை மயிர் ஒட்டியதுபோலப் புழுக்கள் தொங்கும். ஆறு வயசுப் பையன் மூன்று வயசுப் பிள்ளை உயரத்தில் நின்றால் 'அவங்க பரம்பரையே குட்டைதான்' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சாப்பாடு, தண்ணீர், தாயின் உடல்நிலை என்று பல காரணம் சேர்ந்திருக்கும். சாட்டைப்புழுவும் அதில் ஒன்றாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மூன்றாவது கொக்கிப்புழு. ஒரு சென்டிமீட்டர் நீளம், சிறுகுடலில் கடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது சொட்டுக்கும் குறைவு; நூறு, இருநூறு புழு மாதக்கணக்கில் குடித்தால் பிள்ளை வெளிறிப்போகும், ஓடி விளையாடாது, மண்ணைத் தின்னும். இது வாய் வழியாக வருவதைவிடப் பாதத்துத் தோலைத் துளைத்துக்கொண்டு வருவதே அதிகம். நம்மவர்களுக்கு இதன் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். 1915-இல் ராக்பெல்லர் அறநிறுவனத்தார் அனுப்பிய சாமுவேல் டார்லிங் தலைமையிலான குழு மலாயாவுக்கு வந்து, தோட்டத்துத் தொழிலாளர்களிடையே கொக்கிப்புழுவைத்தான் ஆராய்ந்தது. ரப்பர் மரத்தடியில் விடியற்காலையில் வெறுங்காலோடு நின்றவர்கள், லயத்துக்குப் பின்னால் ஒதுங்கியவர்கள் எல்லாம் நம் கொள்ளுப்பாட்டன் பாட்டிகள். 'சோம்பேறிக் கூலி' என்று துரைமார் எழுதிவைத்ததில் பாதி, இரத்தம் இல்லாத உடம்பு என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகும் வெகுகாலம் செலாங்கூர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் வயிற்றில் பூச்சி கூடுதல் என்று 1970, 80-களின் ஆய்வுகளே சொல்கின்றன. அரசாங்கம் 1974-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்துத் திட்டம் ஆரம்பித்து 1983-இல் நிறுத்தியது. குழாய்த் தண்ணீரும் கக்கூசும் வந்த தோட்டங்களில், பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு மாறிய குடும்பங்களில், பூச்சி தானாகக் குறைந்துபோனது. அந்த இரண்டும் இன்னும் சரியாகப் போய்ச் சேராத இடம் எதுவோ, அங்கே அது அப்படியே இருக்கிறது. நீங்கள் பார்க்கிற கம்பம் அப்படிப்பட்ட ஓர் இடம்.

கீரிப்பூச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்டணத்து அம்மாமார்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். ராத்திரியில் ஆசனவாயைச் சுற்றி அரிக்கும், பிள்ளை தூங்காமல் புரளும். இது மண்ணிலிருந்து வருவதல்ல. விரல் நகம், படுக்கைவிரிப்பு, உள்ளாடை மூலமாக வீட்டுக்குள்ளேயே சுற்றுவது. விடிந்ததும் குளிப்பதற்கு முன்னால் ஒட்டுநாடாவை அந்த இடத்தில் ஒற்றி எடுத்துக் கிளினிக்கில் கொடுத்தால் முட்டை தெரியும். மருந்தைப் பிள்ளைக்கு மட்டும் கொடுக்காமல் வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி சாப்பிட வேண்டும். பட்டணத்துப் பங்களாவிலும் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி மருந்து. உலக சுகாதார நிறுவனம் கூட்டமாகக் கொடுப்பதற்குச் சொல்வது இரண்டுதான்: அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே தடவை, அல்லது மெபெண்டசோல் 500 மில்லிகிராம் ஒரே தடவை. ஒரு வயதிலிருந்து இரண்டு வயது முடியாத குழந்தைக்கு அல்பெண்டசோல் பாதி, அதாவது 200. ஒரு வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருக்கும் பெண்ணுக்கும் கூடாது. இதைக் கேட்கத் தயங்காதீர்கள், பள்ளி மாணவிகளிலும் மணமானவர்கள் இருக்கலாம். கடையில் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள். அல்பெண்டசோல் 200 மாத்திரையாகவும் வரும், 400 ஆகவும் வரும். ஒன்று என்று எண்ணிக் கொடுத்து பாதி மருந்து கொடுத்துவிட்டு வந்த குழுக்கள் உண்டு. ஆரஞ்சு வாசனையோடு நம் தலைமுறை சாப்பிட்ட பைரன்டெல் மருந்து எடை பார்த்துக் கொடுப்பது. நாக்குப்பூச்சிக்கும் கீரிப்பூச்சிக்கும் நன்றாக வேலை செய்யும், சாட்டைப்புழுவை ஒன்றும் செய்யாது.

இப்போது அந்த முக்கியமான கணக்கு. பல நாட்டுச் சோதனைகளைச் சேர்த்து 2008-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, அல்பெண்டசோல் ஒரு வேளை கொடுத்தால் நாக்குப்பூச்சி உள்ளவர்களில் 100-க்கு 88 பேருக்கு முழுசாகப் போகிறது. கொக்கிப்புழு 72 பேருக்கு. சாட்டைப்புழு 28 பேருக்குத்தான். மெபெண்டசோல் ஒரு வேளையில் நாக்குப்பூச்சி 95, சாட்டைப்புழு 36, ஆனால் கொக்கிப்புழு வெறும் 15. கொக்கிப்புழுவை நினைத்தால் அல்பெண்டசோல்தான். சாட்டைப்புழுவுக்கோ ஒரு வேளை என்பது எந்த மருந்திலும் போதவில்லை. தனியாக ஒரு பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், அதனால்தான் அல்பெண்டசோல் 400-ஐ மூன்று நாள் தொடர்ந்து கொடுப்பார், அல்லது மெபெண்டசோல் 100-ஐக் காலை மாலை மூன்று நாள் கொடுப்பார். ஐவர்மெக்டினை அல்பெண்டசோலோடு சேர்த்துக் கொடுத்தால் சாட்டைப்புழுவுக்கு இன்னும் நல்ல பலன். 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு அது இல்லை, டாக்டர் சொல்லாமல் நீங்களாக வாங்கவும் கூடாது.

அப்படியென்றால் ஒரு வேளை மாத்திரையைக் கொடுத்து என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் உண்டு. முழுசாகப் போகாவிட்டாலும் எண்ணிக்கை குறையும். நோயைத் தருவது பூச்சி இருப்பதல்ல, நிறைய இருப்பது. ஐந்நூறு இருந்த வயிற்றில் இருநூறு ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு அது லாபம், அடுத்த வீட்டு மண்ணுக்கும் லாபம். ஆனால் மூன்று நாள் கொடுக்க வழி இருந்தால் மூன்று நாள் கொடுங்கள். நீங்கள் சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுகிற குழு. திங்கட்கிழமை மாத்திரையை யார் கையில் விட்டு வருவது? பாலர் பள்ளி ஆசிரியை, கம்பத்துச் சுகாதாரத் தொண்டர், பொறுப்பான ஒரு தாய் என யாராவது ஒருவரை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். மாத்திரையை மொத்தமாக வீட்டில் கொடுத்துவிட்டு வந்தால், மூத்த பிள்ளை இரண்டு சாப்பிடும், சின்னது ஒன்றும் சாப்பிடாது.

தனியாகப் போய்க் கொடுக்காதீர்கள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓராங் அஸ்லி கம்பத்துக்குள் இப்படிப்பட்ட வேலையைச் செய்ய ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவாவுக்குத் தெரிவித்து அனுமதி பெற வேண்டும், கம்பத்துத் தலைவரான தோக் பாத்தினிடம் உட்கார்ந்து பேச வேண்டும். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து நடமாடும் மருத்துவக் குழு அந்தப் பக்கம் வருகிறதா, கடைசியாக எப்போது மருந்து கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். அவர்கள் போன மாதம் கொடுத்திருந்தால் நீங்கள் இந்த மாதம் கொடுப்பது வீண். அவர்களுடைய நாளும் உங்களுடைய நாளும் ஆறு மாத இடைவெளியில் மாறி மாறி வந்தால் அதுதான் உருப்படியான ஏற்பாடு. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பூச்சி இருக்கும் இடத்தில் வருடத்துக்கு இரண்டு முறை, ஐந்தில் ஒருவருக்கு மேல் இருந்தால் ஒரு முறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். உட்பகுதிக் கம்பங்களுக்கு இரண்டு முறை என்று வைத்துக்கொள்வதே பொருத்தம். முதல் தடவைக்கு முன்பே சில பிள்ளைகளின் மலத்தைச் சோதிக்கக் கிளினிக் உதவினால் இன்னும் நல்லது. எந்தப் பூச்சி, எவ்வளவு என்று தெரிந்தால் ஒரு நாளா மூன்று நாளா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

கொடுக்கிற அன்று. காய்ச்சலோ கடும் வயிற்றுப்போக்கோ இருக்கிற பிள்ளையை விட்டுவிடுங்கள், அடுத்த தடவை பார்க்கலாம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் நசுக்கி, கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கொடுங்கள். அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து வாயில் போடுவது நம் வீடுகளில் சாதாரணம். மாத்திரை மூச்சுக்குழாயில் போய் அடைத்து உயிர் போன சம்பவங்கள் உலகத்தில் நடந்திருக்கின்றன. அழுதால் விட்டுவிடுங்கள், அடங்கின பிறகு தாயே கொடுக்கட்டும். சவைத்து விழுங்கிவிட்டதா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டினி போடவோ பேதி கொடுக்கவோ தேவையில்லை. ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கும், குமட்டும், அன்றைக்கே சரியாகிவிடும். இதைத் தாய்மார்களிடம் முன்பே சொல்லாவிட்டால் 'பட்டணத்துக்காரர்கள் கொடுத்த மருந்தில் பிள்ளைக்கு வயிற்றுவலி' என்ற பேச்சு பக்கத்துக் கம்பம் வரை போய்விடும். அடுத்த இரண்டு மூன்று நாளில் புழு வெளியேறும் என்பதையும் சொல்லிவையுங்கள். நாக்குப்பூச்சி நிறைய இருந்த பிள்ளைக்கு வாய் வழியாகக்கூட வரலாம்.

சில வகைப் பிள்ளைகளை உங்கள் மாத்திரைக்குக் காத்திருக்க விடாதீர்கள். வயிறு கல் மாதிரி உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் இருந்தால், நாக்குப்பூச்சிகள் கயிறுபோலச் சுருண்டு குடலை அடைத்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. வலிப்பு வரும் பிள்ளைக்கும் டாக்டர் பார்க்காமல் பூச்சி மருந்து கொடுக்கக் கூடாது. உள்ளங்கையும் கண்ணின் கீழ்இமையும் வெளுத்திருந்தால் கிளினிக்கில் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து முதல் பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. கொக்கிப்புழுவைக் கொன்றால் இரத்தம் போவதுதான் நிற்கும். போன இரத்தம் திரும்ப இரும்புச்சத்து மருந்தும் சாப்பாடும் வேண்டும். இன்னொன்று: கெட்ட நாற்றத்தோடு, எண்ணெய்ப்பசையாக, வாரக்கணக்கில் வயிறு போனால் அது ஜியார்டியா என்ற நுண்ணுயிராக இருக்கலாம். ஒரு வேளைப் பூச்சி மாத்திரைக்கு அது போகாது, அதற்கு வேறு மருந்து.

திரும்ப வருகிற கதைக்கு வருகிறேன். மருந்து கொடுத்த பின் மறுபடி தொற்றும் வேகத்தைப் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சிகிச்சைக்கு முன் இருந்த நிலையை 100 என்று வைத்தால், ஆறாவது மாதத்தில் நாக்குப்பூச்சி 68-க்கும், பன்னிரண்டாவது மாதத்தில் 94-க்கும் வந்துவிடுகிறது. சாட்டைப்புழு 67, 82. கொக்கிப்புழு கொஞ்சம் நிதானம்: 55, 57. நம் பகாங் ஓராங் அஸ்லி பிள்ளைகளிடமும் இதே கதைதான். ஆறு மாதத்தில் பெரும்பாலானோருக்குத் திரும்பிவிட்டது. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது மாதிரிதான். இறைப்பதை நிறுத்தவும் முடியாது, ஓட்டையை அடைக்காமல் கரை சேரவும் முடியாது.

விடாமல் இறைத்து, ஓட்டையையும் அடைத்த நாடு தென்கொரியா. 1966-இல் சட்டமே போட்டு, 1969-இலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை பள்ளிப் பிள்ளைகள் எல்லாருடைய மலத்தையும் சோதித்து, பூச்சி உள்ளவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். 1995 வரை இது நடந்தது. 1971-இல் நாட்டு மக்களில் 84 விழுக்காட்டினர் மலத்தில் பூச்சி முட்டை இருந்தது, 1997-இல் 2.4 விழுக்காடு. கால் நூற்றாண்டு வேலை. அதே காலத்தில் வயலுக்கு மனித மலத்தை உரமாகப் போடும் வழக்கம் ஒழிந்தது, கக்கூஸ் வந்தது, வருமானம் ஏறியது. எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

ஓட்டை எங்கே இருக்கிறது? பெரியவர்கள் ஆற்றங்கரையிலும் காட்டோரத்திலும் ஒதுங்குவது எல்லாருக்கும் தெரியும். நான் அதைவிட அதிகம் கவலைப்படுவது கைக்குழந்தையின் மலத்தைப் பற்றி. நம் வீடுகளிலும் சரி, கம்பத்திலும் சரி, 'பால் குடிக்கிற பிள்ளைதானே, அதில் என்ன அசிங்கம்' என்ற எண்ணம் உண்டு. இரண்டு வயசுப் பிள்ளை வாசலில் இருக்கும், தாய் தேங்காய் மட்டையால் வழித்து வேலியோரம் எறிவாள், கோழி வந்து கிளறும், மழை வந்து பரப்பும். அந்த வாசல்தான் மற்றப் பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடுகிற இடம். தவழ ஆரம்பித்த பிள்ளைகள்தான் வயிறு நிறைய முட்டை விழுங்குகிறவர்கள், அவர்கள்தான் வாசலிலேயே மலம் கழிக்கிறவர்களும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு வந்தால் இந்தச் சின்னதுகள் மண்ணை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லாச் சின்னப் பிள்ளைகளையும் பட்டியலில் சேருங்கள். தாய்மார்களிடம் ஒரே ஒரு விஷயம் பேச நேரம் இருந்தால் கை கழுவுவதைப் பற்றிகூட வேண்டாம், இதைப் பேசுங்கள்: குழந்தையின் மலத்தை மண்வெட்டியால் எடுத்துக் குழியிலோ கக்கூசிலோ போட்டுவிட வேண்டும்.

கக்கூஸ் கட்டித் தர நன்கொடை கிடைத்தால் நல்லதுதான். ஆனால் யாரையும் கேட்காமல் கட்டிக்கொடுத்து, கடைசியில் கோழிக்கூடாகவும் விறகு வைக்கிற அறையாகவும் ஆனவற்றைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் இல்லாத இடத்தில் ஊற்றிக் கழுவுகிற கக்கூஸ் கட்டினால் வேறென்ன ஆகும்? எந்த இடத்தில், வாசல் எந்தப் பக்கம் பார்த்து, தண்ணீர் எங்கிருந்து என்று அங்குள்ள பெண்களைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். குழி ஊற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ குறைந்தது 30 மீட்டர் தள்ளி, அதுவும் சரிவில் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைப்பது நல்ல வழக்கம். நாக்குப்பூச்சி முட்டையைக் குளோரின் கொல்லாது, கொதி கொல்லும்.

நன்கொடையாளர்கள் விரும்பி வாங்கித் தருவது சிலிப்பர். கொக்கிப்புழுவுக்கு அது உதவும், சாட்டைப்புழுவுக்கும் நாக்குப்பூச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவை வாய் வழியாக வருகின்றன. சிலிப்பரோடு நகவெட்டியும் சவர்க்காரமும் சேர்த்து வாங்கித் தரச் சொல்லுங்கள். தண்ணீர்ப் போத்தலில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அருகில் ஒரு பழைய காலுறையில் சவர்க்காரத்தைப் போட்டு முடிந்து வைத்தால், சாப்பிடுகிற இடத்துப் பக்கத்திலேயே கை கழுவும் இடம் தயார். சவர்க்காரம் வேறெங்கும் போகாது. நாய் பூனைகளையும் மறக்க வேண்டாம். அவற்றிடமிருந்து மனிதனுக்குத் தாவும் ஒருவகைக் கொக்கிப்புழு மலேசியக் கம்பங்களில் கணிசமானவர்களிடம் இருப்பதை மரபணுச் சோதனையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எத்தனை முறை மாத்திரை கொடுத்தாலும் வீட்டடியில் படுத்திருக்கும் நாயின் வயிற்றிலிருந்து அது திரும்ப வரும். கால்நடை மருத்துவர் ஒருவர் உங்கள் குழுவில் சேர்ந்தால் நல்லது.

பூச்சி மருந்து கொடுத்தால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்று நன்கொடை கேட்கும் தாளில் எழுதாதீர்கள். கென்யாவில் பள்ளிகளில் மருந்து கொடுத்து, பள்ளிக்கு வராமல் நிற்பது கால்வாசி குறைந்தது என்று எட்வர்ட் மிகுவேலும் மைக்கேல் கிரீமரும் 2004-இல் எழுதியது உலகப் பிரசித்தம். கிரீமர் 2019-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டவர். ஆனால் பல சோதனைகளைச் சேர்த்து எடைபோட்ட, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு, ஊர் முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதால் சராசரி எடையிலோ படிப்பிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்கிறது. இதை வைத்து வருடக்கணக்கில் சண்டை நடந்தது. பூச்சி இல்லாத பிள்ளைகளையும் சேர்த்துச் சராசரி போட்டால் பலன் கரைந்துபோவதில் ஆச்சரியமில்லை. வயிறு நிறையப் பூச்சி உள்ள பிள்ளைக்கு மருந்து வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. நீங்கள் போகும் கம்பத்தில் இருப்பது இப்படி வயிறு நிறையப் பூச்சி உள்ள பிள்ளைகள்தான்.

நாட்டு வைத்தியத்தைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். என் பாட்டி தோட்டத்தில் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். பள்ளி விடுமுறை வந்தால் வேப்பங்கொழுந்து உருண்டையும் விளக்கெண்ணெயும் தப்பாது. பேதியில் சில நாக்குப்பூச்சி வெளியே வந்து விழும், எல்லாருக்கும் திருப்தி. தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாட்டைப்புழுவும், கடித்துத் தொங்கும் கொக்கிப்புழுவும் பேதிக்கெல்லாம் அசையாது. மெலிந்த பிள்ளைக்குப் பேதி கொடுத்து இருக்கிற சத்தையும் இழக்கவைக்க வேண்டாம். கம்பத்துக்காரர்களுக்கும் அவர்களுடைய மூலிகைகள் உண்டு. கேலி செய்யாதீர்கள், தடுக்கவும் வேண்டாம். மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள், போதும்.

கடைசிக் கேள்வி, நீங்களும் சாப்பிட வேண்டுமா என்பது. மாதம் ஒரு முறை போய், சப்பாத்து போட்டு நடந்து, கொதித்த தண்ணீர் குடித்து, கை கழுவிச் சாப்பிட்டு வருகிறவருக்கு அவசியமில்லை. ஆற்றங்கரையில் வெறுங்காலோடு பிள்ளைகளோடு விளையாடி வந்த பின் பாதத்தில் அரிப்பும் சின்னச் சின்னக் கொப்புளமும் கிளம்பினால், அல்லது வயிறு வாரக்கணக்கில் சரியில்லாமல் இருந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதற்கு முன்னால் கிளினிக்கில் மலம் சோதித்துப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். எங்கே போய் வந்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பட்டணத்து டாக்டருக்கு அது தானாகத் தோன்றாது.